ரீகோன் டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் பானெட் ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

பினாங்கின் செபராங் பிறை பக்கம் சின்ன டிராக்டர் தேடிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். ரீகோன் என்றால் வெளிநாட்டில் ஓடிய பழைய வண்டியை இறக்கிப் புதுப்பித்து விற்பது. 'ஜப்பான் ரீகோன், பெரிய பிராண்டு, சீனா வண்டி விலைக்கே தருகிறோம்' என்று வீடியோ போட்டு விற்கும் ஒரு யார்டில் எங்கள் குடும்பம் 26,000 வெள்ளியை (ரிங்கிட்) கொடுத்திருக்கிறது. வந்து சேர்ந்தது அவர்கள் சொன்ன வண்டி இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் யார்டின் பெயரை இங்கே எழுதவில்லை. வண்டியின் பிராண்டையும் எழுதப் போவதில்லை. எழுதினால் பழி அந்த ஜப்பான் கம்பெனி மேல் விழும், அவர்கள் பாவம், இதில் அவர்களுக்குச் சம்பந்தமே கிடையாது.

நிபோங் திபாலுக்கு உள்ளே எங்களுக்குக் கொஞ்சம் செம்பனை, ஓரத்தில் தென்னையும் வாழையும். புல் வெட்ட வேண்டும், அறுத்த பழக்குலைகளை டிரெய்லரில் ரோட்டோரம் வரை இழுக்க வேண்டும். களிமண் நிலம். மழை பிடித்தால் பெரிய டிராக்டர் புதைந்துவிடும், பாரிட் (தோட்டத்து வாய்க்கால்) மேல் போட்டிருக்கும் பாலமும் அந்த எடையைத் தாங்காது. அதனால் 25 குதிரைத்திறன் அளவில் நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி என்று முடிவு செய்தோம். எதை வாங்குவது என்பதில்தான் வீட்டில் சண்டை. மச்சான் புது சீனா வண்டி என்றார். நான் பெரிய ஜப்பான் கம்பெனியின் புது வண்டி என்றேன், ஆனால் அதன் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த இடைவெளியில்தான் யார்டுக்காரர்கள் கடை போட்டிருக்கிறார்கள். பெரிய பெயர், சின்ன விலை.

விற்றவர் நம்ம ஆள்தான், தமிழ்ப் பையன். முதலாளி ஒரு நாளும் முகம் காட்டவில்லை. "அண்ணே, சீனா வண்டி ரெண்டு வருஷத்துல பழைய இரும்புக் கடைக்குப் போயிரும். இது ஜப்பான் சாமான், உங்க பேரப்பிள்ளை ஓட்டுவான்" என்றான். பானெட்டில் 24 குதிரைத்திறனுக்குரிய மாடல் எண் பளிச்சென்று ஒட்டியிருந்தது. மீட்டரில் 900 சொச்ச மணி நேரம். நாங்கள் போனபோது இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகத்தாண்ணே சூடு பண்ணி வச்சேன்" என்று சிரித்தான்.

அந்தச் சூட்டில்தான் விஷயம் இருக்கிறது. தேய்ந்த டீசல் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் தன் வயதைக் காட்டும். கிளப்ப நேரம் எடுக்கும், வெள்ளைப் புகை விடும், சிலிண்டர் தேய்ந்திருந்தால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று தள்ளும். சூடான இன்ஜினில் இதில் பாதி மறைந்துவிடும். பழைய டிராக்டர் பார்க்கப் போனால் முதலில் இன்ஜின் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வரும்வரை கிளப்பக் கூடாது என்றும் சொல்லுங்கள். அப்போது அவர்கள் முகத்தைக் கவனியுங்கள்.

வண்டி வந்த புதிதில் ஓடியது. புல் வெட்ட இறக்கியபோது மூச்சு வாங்கியது. கூடவே அவர்கள் விற்ற ஐந்தடி ரோட்டரி கட்டரை அது சுழற்றவே சிரமப்பட்டது. பொதுவாகக் கட்டரின் ஒவ்வோர் அடிக்கும் ஐந்து குதிரைத்திறன் வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தத் திறன் வண்டியின் பின்னால் சுழன்று கட்டரை இயக்கும் பி.டி.ஓ. தண்டில் கிடைக்க வேண்டும், இன்ஜினில் எழுதியிருப்பது பேச்சு இல்லை. இன்ஜினிலிருந்து தண்டுக்கு வருவதற்குள் பத்து முதல் இருபது சதவீதம் குறைந்துவிடும். 24 என்று சொன்ன வண்டியே ஐந்தடிக்குக் கொஞ்சம் பற்றாக்குறை. இது 24-கூட இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அதைவிட மோசம் இன்னொன்று. கிளட்சை மிதித்தால் வண்டி நிற்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றில் பி.டி.ஓ.வுக்குத் தனி கிளட்ச் இருக்காது. கட்டரின் கனத்த பிளேடு சுழன்றுகொண்டே இருக்கும், அந்த வேகம் கியர்பாக்ஸ் வழியாகச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே போகும். மச்சான் வாழைக்கன்றுகளை உழுதுவிட்டு பாரிட்டுக்கு ஓரடி முன்னால்தான் நிறுத்தினார். தண்டில் ஒரு ஓவர்ரன்னிங் கப்ளர் மாட்டினால் பிளேடின் வேகம் வண்டிக்குத் திரும்பி வராது, இந்தத் தொல்லை இல்லை. சின்ன சாமான்தான். கட்டரையும் வண்டியையும் சேர்த்து விற்றவனுக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அந்த வண்டியில் ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம், கிடையாது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். புது டிராக்டர்களுக்கு ரோல் பார் கட்டாயம் என்று சுவீடன் 1959லேயே சட்டம் போட்டுவிட்டது. பாலேக் பூலாவ் பக்கம் சரிவில் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்கள் ரோல் பாரும் பெல்ட்டும் இல்லாத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம் முன்பக்க அச்சில் உறுமல். அதுவும் சரியாக அறுவடை நேரத்தில். செம்பனைக் குலையை அறுத்த 24 மணி நேரத்துக்குள் மில்லில் சேர்க்க வேண்டும், கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும், மில்காரன் தரத்தைக் குறைத்துப் பணத்தைப் பிடிப்பான். பக்கத்துத் தோட்டத்தின் சீனா டிராக்டரை வாடகைக்கு எடுத்துத்தான் குலைகளை ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆமாம், இரும்புக் கடைக்குப் போகும் என்று சொன்னானே, அதே சீனா டிராக்டர்தான்.

ஜாவியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு சீனப் பெரியவரைக் கூப்பிட்டோம். அப்பேக் அதிகம் பேசமாட்டார். முன் அச்சின் ஆயில் திருகைக் கழற்றினார், மில்க் டீ நிறத்தில் வழிந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் இருக்கும். ஜப்பானில் நெல்வயல் சேற்றில் பல வருடம் உழுத வண்டிகளுக்கு இது வழக்கமான நோய். சீல் தேய்ந்து சேறும் தண்ணீரும் உள்ளே போய்விடும், பல்சக்கரத்தை அரித்துவிடும். பிறகு ஒரு கத்தியை எடுத்துப் பெயின்டைச் சுரண்டினார். கியர்பாக்ஸ் வார்ப்பில் விரிசல், அதன் மேல் புட்டி, புட்டிக்கு மேல் பெயின்ட். ரப்பர் ஹோஸ், கிரீஸ் நிப்பிள் எதையும் விடாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். பானெட் ஸ்டிக்கரின் கீழே பழைய ஸ்டிக்கரின் தடம், அதில் வேறு எண். சேசிஸ் தகட்டின் ரிவெட்டுகள் மட்டும் புதுசு. கடைசியாக இன்ஜின் பிளாக்கில் வார்த்திருந்த எழுத்தைத் துடைத்துப் படித்துவிட்டு, "பதினேழு" என்றார். குதிரைத்திறனைச் சொன்னார், அவ்வளவுதான்.

பிளாக்கில் இருப்பதை யாரும் ஸ்டிக்கர் மாதிரி மாற்றி ஒட்ட முடியாது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குபோட்டா இன்ஜினில் முதல் எழுத்து இசட் என்றால் இரண்டு சிலிண்டர், டி என்றால் மூன்று, வி என்றால் நான்கு. பின்னால் வரும் எண் ஏறக்குறைய சிசி கணக்கு. டி1105 என்றால் மூன்று சிலிண்டர், 1,100 சிசி சொச்சம். சீனா இன்ஜினில் 385 என்று இருந்தால் மூன்று சிலிண்டர், 85 மில்லிமீட்டர் விட்டம். 295 என்றால் இரண்டு சிலிண்டர், 95 மில்லிமீட்டர். சீனா டிராக்டரின் மாடல் எண்ணும் சுலபம்: 254 என்றால் 25 குதிரைத்திறன், கடைசி 4 நான்கு சக்கர இழுவை. 250 என்றால் பின் சக்கரம் மட்டும். மீட்டரை மட்டும் நம்பவே நம்பாதீர்கள், மாற்றுவதற்கு அதிக நேரம் ஆகாது. மிதியடி ரப்பர், பி.டி.ஓ. தண்டின் பற்கள், கருவிகளை மாட்டும் பின் கைகளின் உருண்டை மூட்டுகள், இவை தேய்ந்திருந்தால் வண்டி உழைத்த வண்டி, மீட்டர் 900 என்றாலும் 90 என்றாலும்.

சாமான் வாங்க அந்த பிராண்டின் அதிகாரபூர்வ டீலரிடம் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். நான் கொடுத்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார், வரவில்லை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த வண்டி, இங்கே கம்பெனி விற்ற மாடல் இல்லை, அதனால் அவர்கள் பட்டியலில் கிடையாது. இது உலகம் முழுக்க இருக்கிற பிரச்சினைதான். அமெரிக்காவில் இப்படிப் பின்வாசல் வழியாக வந்த பழைய ஜப்பான் டிராக்டர்களை எதிர்த்துக் குபோட்டா கம்பெனியே வழக்காடி, 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது. அந்த வண்டிகளில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை லேபிள் இல்லை, சாமானும் சர்வீசும் அங்கே கிடைப்பதில்லை என்பதெல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்டது. பெயர் ஒன்றுதான், ஆனால் அந்தப் பெயருக்குக் கொடுக்கிற விலையில் பாதி சாமான் கவுண்டருக்கானது. யார்டில் வாங்கினால் அந்தக் கவுண்டர் உங்களுக்கு இல்லை.

பட்ஜெட்டா பிரீமியமா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் அந்தக் கவுண்டர்தான். நிறத்தைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். பச்சை ஜான் டியரின் சின்ன டிராக்டர்களை 1970களின் கடைசியிலிருந்து நெடுங்காலம் செய்துகொடுத்தது ஜப்பானின் யான்மார். மாசி ஃபெர்குசனின் சின்ன வண்டிகள் பலவற்றைச் செய்தது இசேக்கி. நியூ ஹாலந்தின் நீல நிறச் சின்ன வண்டிகளில் பல கொரியாவின் எல்எஸ் கம்பெனியில் பிறந்தவை. ஒரே வண்டி இரண்டு நிறத்தில் இரண்டு விலைக்கு விற்பதும் உண்டு. பக்கத்துத் தோட்டத்து சீனா வண்டியில் குறை இல்லாமல் இல்லை: சீட் கிழிந்துவிட்டது, பெயின்ட் உரிகிறது, போல்ட்டுகளை அடிக்கடி முறுக்க வேண்டும், ஹைட்ராலிக் கசிகிறது. ஆனால் கிளட்ச் பிளேட்டும் ஃபில்டரும் புக்கிட் மெர்தாஜாமில் வாங்கி அன்று மாலையே மாட்டிவிடுகிறார்கள். ஐந்து, ஆறு ஏக்கர்க்காரனுக்கு அது போதும். தினமும் எட்டு மணி நேரம் கூலிக்கு ஓட்டுகிறவர் என்றால் கடன் வாங்கியாவது டீலரிடம் புது ஜப்பான் வண்டி எடுங்கள், ஒரு நாள் நின்றால் போகிற காசு அந்த வித்தியாசத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாயவிலை இருப்பதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, பணத்துக்கு என்ன வழி? யார்டில் போய்க் கேட்டபோது அந்தப் பையன் ரசீதைக் காட்டினான். 'பழைய டிராக்டர் ஒன்று, உள்ளது உள்ளபடி' என்றுதான் எழுதியிருந்தார்கள். மாடல் எண் இல்லை, சேசிஸ் எண் இல்லை, குதிரைத்திறன் இல்லை. "நான் 24னு எங்கேண்ணே எழுதிக் கொடுத்தேன்?" என்றான். எழுதிக் கொடுக்கவில்லைதான். ஆனால் வாட்சாப்பில் குரல் பதிவில் சொல்லியிருக்கிறான், வீடியோவில் ஸ்டிக்கரோடு காட்டியிருக்கிறான். இவை எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. நீங்களும் எதையும் அழிக்காதீர்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரை விசாரிக்கும், மனுக் கட்டணம் வெறும் 5 வெள்ளி என்று எல்லோரும் எங்களை அங்கே அனுப்பினார்கள். ஒரு சிக்கல். அந்தச் சட்டத்தில் பயனீட்டாளர் என்றால் சாதாரணமாக வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருளை வாங்கியவர். பழக்குலை விற்கும் தோட்டத்துக்கு வாங்கிய டிராக்டர் அதில் அடங்காது என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் இருக்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறையோ 5,000 வெள்ளிக்கு உட்பட்டது, எங்கள் தொகைக்கு எட்டாது. மிச்சம் இருந்தது 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டம். பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் சொல்லி விற்பது அதன்படி குற்றம், உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கலாம். அங்கே புகார் கொடுத்துவிட்டோம். சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒத்திருக்க வேண்டும் என்று 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும் சொல்கிறது. அதை வைத்துச் சிவில் வழக்குப் போடலாமா என்று வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது ஒரு உதவி வேண்டும். கடந்த ஒன்றிரண்டு வருடத்தில் செபராங் பிறையிலோ கெடா எல்லையிலோ ரீகோன் டிராக்டர் வாங்கியவர்கள், தோட்டத்துக்குப் போய் சேசிஸ் தகட்டை ஒரு படம், இன்ஜின் பிளாக்கில் வார்த்திருக்கும் எழுத்தை ஒரு படம், பானெட் ஸ்டிக்கரை ஒரு படம் எடுங்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், கருத்துப் பகுதியில் யார்டின் பெயரைப் போட வேண்டாம். தனித்தனியாகப் போவதைவிட, ஒரே இடத்தில் வாங்கியவர்கள் சேர்ந்து போனால் புகாருக்குப் பலம் கூடும் என்று வக்கீல் சொல்கிறார். ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, பணம் அனுப்பிய பேங்க் பதிவு இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.