சிறு பாய்மரப் படகுக்கு மடக்குத் தண்ணீர்ப் பை: வாங்கலாமா?

சிறு பாய்மரப் படகில் கூடுதலாக ஒரு பிளாஸ்டிக் டேங்க் வைக்கப் பார்த்தால், பெரும்பாலும் லாக்கர் (படகில் சாமான் வைக்கும் அடைப்பு) வாயிலேயே மாட்டிக்கொள்ளும். அந்தச் சிக்கலுக்கென்றே வருவது பிவிசி பூசிய துணியால் ஆன மடக்குப் பை. சுருட்டி உள்ளே தள்ளி விரித்துவிடலாம். இருக்கிற டேங்கோடு இன்னும் 50, 100 லிட்டர் வேண்டுமென்பவர்களுக்கு இது நல்ல பொருள். ஆனால் படகின் ஒரே டேங்காக இதை வைக்க வேண்டாம்.

மேலே அச்சிட்ட கொள்ளளவை அப்படியே நம்பக் கூடாது. சமதளத்தில், சுற்றிலும் தடையில்லாமல் பை உப்பி நின்றால்தான் அந்த அளவு. அடி குறுகிக்கொண்டே போகும் அணியத்து (படகின் முன்பகுதி) லாக்கரில் மடிப்பு விழும்; முக்கால் பங்கு பிடித்தாலே பெரிது. மேலும் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அதை அணியத்தில் ஏற்றினால் படகு மூக்கைத் தாழ்த்தி அலையில் குத்தும். நடுப்பகுதியில், படுக்கைக்கு அடியில், முடிந்தவரை தாழ்வாக வைப்பதே சரி.

இந்தப் பைகள் ஓட்டையாவது பெரும்பாலும் உராய்வால்தான். படகு ஆட ஆடப் பையும் நகரும். ஃபைபர் கிளாஸின் சொரசொரப்பும் நீட்டிக்கொண்டிருக்கும் திருகு முனையும் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். முதலில் திருகு முனைகளை வெட்டி, விளிம்புகளை உப்புத்தாள் போட்டு மழுக்கி, தரையிலும் சுவரிலும் ரப்பர் பாய் ஒட்டுங்கள். பக்கத்திலேயே நங்கூரச் சங்கிலியோ கருவிப் பெட்டியோ இருந்தால் நடுவில் பலகைத் தடுப்பு அவசியம். மூலை வளையங்களில் கட்டும் கயிறு தொய்வாக இருக்கட்டும். விறைப்பாகக் கட்டினால் பை நிரம்பும்போது வளையத்தோடு துணி கிழியும்.

நிரப்பும் குழாய்க்கு 38 மி.மீ., பம்புக்குப் போவதற்கு 13 மி.மீ. ஹோஸ் போதும். இரண்டும் குடிநீர்த் தரத்தில், ஒளி புகாததாக இருக்க வேண்டும். தெளிவான ஹோஸில் பாசி பிடிக்கும். பை சுருங்கிக்கொள்வதால் தண்ணீர் எடுக்கக் காற்றுக்குழாய் தேவையில்லை. ஆனால் நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்று போக வழி வேண்டும். கரைக் குழாயை இறுகப் பொருத்தித் திறந்துவிட்டால் பையின் ஒட்டு பிரிந்துவிடும்.

பழைய டேங்குக்கும் பைக்கும் தனித்தனி வால்வு வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தால், படகு சாயும்போது மேல்பக்கத் தண்ணீரெல்லாம் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிவிடும். ஒன்று கசிந்தாலோ கெட்டாலோ மற்றதும் சேர்ந்து போகும். குழாயைத் திறந்தால் தானாக ஓடும் பம்ப், யாரும் திறக்காதபோதும் விட்டுவிட்டு ஓடினால், பெரும்பாலும் அழுத்தப் பக்கத்தில் (பம்புக்கும் குழாய்க்கும் நடுவில்) ஹோஸ், கிளாம்ப், குழாய் எதிலோ கசிவு என்று அர்த்தம். பை ஓட்டையானால் பம்ப் சொல்லாது. லாக்கர் அடியில் ஈரம் இருக்கிறதா என்று கைவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பை காலியாகும்போது மேல்துணி தண்ணீர் வெளியேறும் வாயில் ஒட்டிக்கொண்டு கடைசிச் சில லிட்டரை அடைத்துவிடும். சாதாரண மிதவை அளவுமானியும் இதில் வேலை செய்யாது. பம்ப் ஹோஸில் ஒரு ஓட்டமானி (ஓடும் தண்ணீரை அளக்கும் கருவி) போட்டு, தீர்ந்ததைக் கணக்கு வைப்பதுதான் வழி.

புதுப் பையின் பிளாஸ்டிக் வாடைக்கு, சமையல் சோடா கலந்த தண்ணீரை ஒரு நாள் வைத்துக் கொட்டலாம். கிருமி நீக்க, வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச்சை லிட்டருக்கு 1 மி.லி. கலந்து, குழாய்களிலும் ஓடவிட்டு, 4 மணி நேரம் கழித்து வாடை போகும்வரை அலசுங்கள். உட்புறம் வழவழத்துப் போனால் பிளீச் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். கை நுழையும் மூடி இல்லாத பையில் அது நடக்காது. வாங்கும்போதே மூடி உள்ளதாகப் பாருங்கள்.