வைல்ட்ஃபிளை சர்வரும் ஜேபாஸ்-சிஎல்ஐயும்: ஆறு வருட அனுபவம்

ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வரான வைல்ட்ஃபிளையில் முதல் ஒரு வருடம் எதை மாற்றுவதானாலும், அதன் செட்டிங்குகள் இருக்கும் ஸ்டாண்டலோன் எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்து கையால்தான் திருத்துவேன். ஒரு நாள் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்திவிட்டு, ரீஸ்டார்ட்டை இரவு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மாலையில் டீமில் இன்னொருவர் அட்மின் கன்சோலில் வேறு எதையோ மாற்றினார். சர்வர் தன் நினைவில் வைத்திருந்ததை அப்படியே அந்த ஃபைலில் எழுதிவிட்டது. என் திருத்தம் போயே போச்சு. அடுத்த நாளே வைல்ட்ஃபிளையின் 'bin' ஃபோல்டரில் இருக்கும் ஜேபாஸ்-சிஎல்ஐக்கு மாறினேன்; கட்டளைகளை டைப் செய்து சர்வரை நிர்வகிக்கும் கருவி அது.

கனெக்ட் கட்டளை கொடுத்தால் 9990 போர்ட் வழியாக சர்வருக்குள் போகும். செட்டிங்குகள் எல்லாம் ஃபோல்டர் மரம் மாதிரி இருக்கும்; உள்ளே இருப்பதைப் பட்டியலிட எல்எஸ், இடம் மாற சிடி போதும். பாதி டைப் செய்து டேப் அழுத்தினால் மீதியை அதுவே காட்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பார்க்கும் வசதிதான். ஒரு மாதக் கடைசியில் அப்ளிகேஷன் நின்று நின்று ஓடியது. எக்ஸ்எம்எல்லில் தேடினால் மேக்ஸ்-பூல்-சைஸ், அதாவது டேட்டாபேஸுக்கு ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கனெக்‌ஷன் என்ற வரியே இல்லை. வரம்பே இல்லை போல என்று நினைத்தோம். ஒரு செட்டிங்கின் மதிப்பைக் காட்டும் ரீட்-ஆட்ரிபியூட் கொடுத்ததும் 20 என்று வந்தது. ஃபைலில் எழுதாவிட்டாலும் டீஃபால்ட் அதுதான். டேட்டாசோர்ஸின், அதாவது சர்வரில் உள்ள டேட்டாபேஸ் இணைப்பு அமைப்பின் புள்ளிவிவரத்தைப் பார்த்தோம்; 20 கனெக்‌ஷனும் பயன்பாட்டில், மற்ற கோரிக்கைகள் வரிசையில். டேட்டாபேஸ் எத்தனை தாங்கும் என்று கேட்டுக்கொண்டு மதிப்பை மாற்றும் ரைட்-ஆட்ரிபியூட்டில் 40 ஆக்கினோம். ரீஸ்டார்ட் இல்லாமலேயே சரியானது.

எல்லா மாற்றமும் இப்படி உடனே பிடிக்காது. சிலவற்றுக்கு 'சக்சஸ்' என்று பதில் வரும், அதற்குக் கீழேயே 'ரீலோட்-ரிக்வயர்டு' (ரீலோட் செய்தால்தான் அமலாகும்) என்றும் இருக்கும். புதிதாக வருபவர்கள் முதல் வரியோடு நிறுத்திவிட்டு, ஏன் மாறவில்லை என்று அரை மணி நேரம் தேடுவார்கள். ரீட்-ரிசோர்ஸ்-டிஸ்க்ரிப்ஷன் கொடுத்தால் எந்த செட்டிங்குக்கு எது தேவை என்று முன்கூட்டியே தெரியும். ரீலோட் செய்தால் ஜாவா பிராசஸ் அப்படியே இருக்கும், சர்வீஸ்கள் மட்டும் நின்று எழும். ஆனாலும் அந்த நேரத்தில் பயனர்களுக்கு அப்ளிகேஷன் கிடைக்காது. அதனால் பகலில் தொடுவதில்லை.

குறையும் உண்டு. டைப் செய்யும் கட்டளைகள் ஹோம் ஃபோல்டரில் ஹிஸ்டரி ஃபைலாகச் சேர்கின்றன. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அப்படியே அடித்தால் அதுவும் அங்கே போய் உட்காரும். ஹிஸ்டரியை நிறுத்திவிட்டு அடிப்பது நல்லது. அப்புறம் அந்த நீளமான முகவரிகள். ஒரு சாய்கோடு விட்டுப்போனால்கூட ஏற்காது.

நாலைந்து மாற்றம் சேர்ந்து வந்தால் பேட்ச் (batch), அதாவது ஒரே தொகுப்பாகப் போட்டுவிடுகிறேன். ஒன்று தவறினாலும் மொத்தமும் பழையபடி திரும்பிவிடும். அதற்கு முன், அப்போதைய செட்டிங்குகளை நகலெடுத்து வைக்கும் டேக்-ஸ்னாப்ஷாட் ஒன்று. இப்போது எங்கள் மாற்றங்கள் எல்லாமே ஸ்கிரிப்டாக, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் (Git) இருக்கின்றன. புது மெஷின் வந்தால் சர்வரைத் தனியாக ஓடவிடாமலேயே, அதை சிஎல்ஐக்குள்ளேயே திறக்கும் எம்பெட்-சர்வர் கொடுத்து அதே ஸ்கிரிப்டை ஓட்டிவிடுகிறோம்.