கேனன் 80டி-யை விட்டு வேறு பிராண்டா, அதற்கே நல்ல லென்ஸா: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

கல்யாண மண்டபத்திலும் நாட்டிய அரங்கிலும் எடுத்த படங்களில் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியாகத் தெரியும் இரைச்சல்) அதிகம், முகம் குழைந்துபோய் வருகிறது. கேனன் 80டி-யும் 18-55 கிட் லென்ஸும் வைத்திருப்பவர்கள் சோனிக்கோ நிக்கான் இசட்-க்கோ மாற நினைப்பது பெரும்பாலும் இந்தக் குறையால்தான். மாறுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது) எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. அதே இடத்தில் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் மாட்டினால் உள்ளே வரும் ஒளி ஏறக்குறையப் பத்து மடங்கு. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்; ஏறினால் நாய்ஸும் ஏறும்) 6400 கேட்ட காட்சி 640-லேயே முடிந்துவிடும். லென்ஸின் எஃப் எண்ணை மாற்றாமல் பாடியை (கேமராவை) மட்டும் 80டி-யைவிடப் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேமுக்கு மாற்றினால் கிடைக்கும் லாபம் சென்சார் பரப்பின் அளவுதான்: நீளமும் அகலமும் 1.6 மடங்கு என்பதால் 1.6 பெருக்கல் 1.6, அதாவது 2.56 மடங்கு. ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) சொன்னால் லென்ஸ் தருவது மூன்றேகாலுக்குச் சற்று மேல், பாடி தருவது ஒன்றேகாலுக்குச் சற்று மேல். அதிலும் புதிய பாடியோடு வரும் லென்ஸ் கேனனின் புதிய வரிசையான ஆர்எஃப் 24-105 எஃப்/4-7.1 என்றால், நீள முனையில் 7.1 அந்த லாபத்தில் பாதியைத் தின்றுவிடும். பெரிய தொகை செலவழித்தும் படத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கில் ஒரு பொறியும் உண்டு. எஃப்/1.8-ல் 50 மி.மீ. லென்ஸால் 2 மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ. மட்டுமே. மணமகள் தெளிவாக இருப்பார், அரையடி பின்னால் நிற்கும் மணமகன் மங்கிவிடுவார். இருவரையும் பிடிக்க எஃப்/2.8-க்காவது மூட வேண்டும். அப்போது லாபம் நான்கு மடங்காகக் குறைகிறது. ஆனாலும் பாடி மாற்றம் தரும் லாபத்தைவிட அது அதிகம்.

எந்த லென்ஸ் என்பதை உங்கள் பழைய படங்களே சொல்லும். படத்தொகுப்பு மென்பொருளான லைட்ரூமில் லைப்ரரி ஃபில்டரைத் திறந்து மெட்டாடேட்டாவைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பத்தியில் ஃபோக்கல் லெங்த் (லென்ஸின் மி.மீ. அளவு), இன்னொன்றில் ஐஎஸ்ஓ வேகம். கடைசி ஆயிரம் படங்கள் போதும். 18-லும் 55-லும் எண்ணிக்கை குவிந்திருந்தால் லென்ஸின் எல்லையில் முட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலான படங்கள் ஐஎஸ்ஓ 400-க்குக் கீழே இருந்து, அப்படியும் திருப்தி இல்லையென்றால், பணம் போக வேண்டிய இடம் ஒரு ஃபிளாஷும் அதன் ஒளியை மென்மையாக்கும் குடையும். அங்கே லென்ஸும் பாடியும் எதையும் மாற்றப் போவதில்லை.

முதல் லென்ஸாக எல்லோரும் கைகாட்டும் 50 மி.மீ. 80டி-யில் ஃபுல் ஃப்ரேமின் 80 மி.மீ. போலத்தான் பார்க்கும். 3 மீட்டர் தள்ளி நின்றாலும் படத்தின் அகலத்தில் 1.34 மீட்டர்தான் அடங்கும். வீட்டுக் கூடத்தில் நாலு பேரைச் சேர்த்து எடுக்க முடியாது. அதே தூரத்தில் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் கிட்டத்தட்ட 2.8 மீட்டரைப் பிடிக்கும்; எடையோ 125 கிராம்தான். அரங்கத்துக்கு ஈஎஃப் 85 மி.மீ. எஃப்/1.8 யுஎஸ்எம். 1992-ல் வந்த லென்ஸ், இன்றைக்கும் வேகமாக ஃபோகஸ் பிடிக்கிறது. முழுவதும் திறந்தால் நகைகளின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும், எஃப்/2.8-ல் அது பெருமளவு அடங்கிவிடும். ஆட்டத்தை உறையவைக்க 1/250 நொடியாவது தேவை. எஃப்/5.6-ல் அதற்கு ஐஎஸ்ஓ 6400 கேட்ட மேடைக்கு எஃப்/2-ல் 800 போதும்.

பெரிய அப்பர்ச்சர் லென்ஸ் வாங்கியதும் வரும் அடுத்த புகார் ஃபோகஸ் சரியில்லை என்பது. லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் கேமராவை முக்காலியில் வைத்து, 2.5 மீட்டர் தள்ளிச் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, வியூஃபைண்டர் வழியாக ஐந்து, லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் பிடியுங்கள். லைவ் வியூ படங்கள் கூர்மையாகவும் மற்றவை மங்கலாகவும் இருந்தால் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. வியூஃபைண்டர் வழியில் ஃபோகஸை அளப்பது தனி சென்சார். அதன் அளவுக்கும் படச் சென்சாருக்கும் இடையே சிறு பிசகு இருக்கிறது. 80டி-யின் கஸ்டம் ஃபங்ஷன் மெனுவில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் உண்டு. மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை நகர்த்தலாம். ஃபோகஸ் முன்னால் விழுந்தால் பிளஸ், பின்னால் விழுந்தால் மைனஸ். 200டி, 1500டி பாடிகளில் இந்த வசதி கிடையாது. நிலையான காட்சிகளுக்கு லைவ் வியூவே கதி.

லென்ஸால் தீராத தேவைகளும் உண்டு. சுழன்று ஆடுபவரின் கண்ணை ஃப்ரேம் முழுதும் தொடர்ந்து பிடிக்க வேண்டும், சபையில் ஷட்டர் சத்தமே கேட்கக்கூடாது, 4கே வீடியோ வேண்டும் என்றால் 80டி-க்கு எந்த லென்ஸ் வாங்கினாலும் பயனில்லை. உள்ளே பிரதிபலிப்பு ஆடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராதான் வழி. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டருக்கு எல்இடி திரையும் விளக்கும் எதிரி: படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/50 அல்லது 1/100-க்கு இறங்கிப் பாருங்கள், அதற்கும் அடங்காத விளக்குக்கு மெக்கானிக்கல் ஷட்டருக்குத் திரும்புங்கள்.

மிர்ரர்லெஸ் என்று முடிவானாலும் பிராண்ட் மாறத்தான் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. கேனன் ஈஎஃப் மவுன்ட்டுக்கும் (லென்ஸ் பூட்டும் வாய்) சென்சாருக்கும் இடைவெளி 44 மி.மீ.; 2018-ல் வந்த ஆர்எஃப்-க்கு 20. மிச்சமுள்ள 24 மி.மீ.தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் குழாய் என்பதால் தரம் குறைவதில்லை. ஆர்7 போன்ற பாடியில் பழைய 85 மி.மீ. லென்ஸ் கண்ணைத் தொடர்ந்து பிடிக்கும். ஃபோகஸைப் படச் சென்சாரே அளப்பதால் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் தொல்லையும் ஒழிகிறது. 80டி-யின் எல்பி-ஈ6என் பேட்டரியும் பொருந்தும். ஃபுல் ஃப்ரேம் ஆர்6 வாங்குவதானால் மட்டும் கவனம்: 80டி போன்ற சிறிய சென்சாருக்கான ஈஎஃப்-எஸ் லென்ஸ் மாட்டினால் பாடி தானாக வெட்டிக்கொள்ளும், 20 மெகாபிக்சல் 8-க்கும் கீழே இறங்கிவிடும். ஈஎஃப் லென்ஸைச் சோனியில் அடாப்டர் வழியாகப் போடலாம், ஒற்றைப் படத்துக்கு ஓடும். ஓடும் குழந்தையைத் தொடர்வதில் தடுமாறும்.

சோனி பக்கம் போவதற்கு உண்மையான காரணம் லென்ஸ் சந்தை. சிக்மா, டாம்ரான் தயாரிப்புகள் சோனியின் ஈ மவுன்ட்டில் கொட்டிக்கிடக்கின்றன. ஆர்எஃப் கதவு இவர்களுக்கு 2024-ல்தான், அதுவும் ஏபிஎஸ்-சி (80டி-யில் உள்ளது போன்ற சிறிய சென்சார்) லென்ஸ்களுக்குத் திறந்தது. ஃபுல் ஃப்ரேமில் நடுத்தர விலை எஃப்/2.8 ஜூம்கள் இரண்டு மூன்று வேண்டும் என்பவருக்கு மாறுவது நியாயம்தான்.

நிக்கான் டி7200 போன்றவற்றிலிருந்து இசட்-க்குப் போகிறவர்கள் லென்ஸில் ஏஎஃப்-டி என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி எழுதிய லென்ஸிலும், பழைய லென்ஸை இசட்-ல் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் ஃபோகஸ் மோட்டார் இல்லை. அந்த லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டிவரும். கேனன் எம்50-க்குப் புது ஈஎஃப்-எம் லென்ஸ் வாங்க யாராவது யோசித்தால் தடுத்துவிடுங்கள். அந்த வரிசை நின்றுவிட்டது, அந்த லென்ஸ்களை ஆர்எஃப் பாடியில் பயன்படுத்தவும் வழியில்லை.

பிராண்ட் மாற்றத்துக்குப் பட்ஜெட் போடும்போது பாடியும் லென்ஸும் மட்டும் எழுதினால் கணக்கு உதைக்கும். டிடிஎல் ஃபிளாஷ் (ஒளி அளவைக் கேமராவே தீர்மானிப்பது), அதை இயக்கும் டிரிகர், இரண்டு உபரி பேட்டரி, வேகமான கார்டுகள் எல்லாம் சேர வேண்டும். கேனனுக்குள்ளேயே நகர்ந்தாலும் ராவ் கோப்பு (சென்சாரின் மூலத் தரவு) சிஆர்2-விலிருந்து சிஆர்3 ஆகிறது. லைட்ரூம் 6 அதைத் திறக்காது, முதலில் டிஎன்ஜி என்ற பொது ராவ் வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் ஈஎஃப் லென்ஸ் வாங்குகிறவர்கள் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பார்க்க வேண்டும். தூசி பரவாயில்லை; சிலந்தி வலை போலக் கோடுகள் தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பிறகு கேமராவில் மாட்டி, எஃப்/11 வைத்து டெப்த் ப்ரிவ்யூ பட்டனை அழுத்தி அப்பர்ச்சர் இதழ்கள் சட்டென்று மூடுகின்றனவா, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் லென்ஸைத் தோல் உறையில் வைக்காமல், ஈரப்பதமானியோடு காற்றுப் புகாத பெட்டியில் 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள்.

முடிவு பிராண்ட் மாற்றம் என்றே ஆனால் 80டி-யை உடனே விற்றுவிட வேண்டாம். நிக்கானில் லென்ஸைச் சுழற்றிப் பூட்டும் திசையே கேனனுக்கு நேர்மாறு, ஜூம் வளையம் பல லென்ஸ்களில் எதிர்ப்பக்கம் திரும்பும். தாலி கட்டும் நேரத்தில் கை பழைய பக்கம்தான் போகும். இரண்டு மூன்று நிகழ்ச்சிகளாவது புதிய கேமராவில் முடிந்த பிறகு பழையதை விலைக்குப் போடுங்கள்.