ஆடிட்டர் ஆபீஸ் லேப்டாப்பில் க்யூப்ஸ் ஓஎஸ்

மயிலாப்பூரில் எங்களுடையது சின்ன ஆடிட்டர் ஆபீஸ். ஜூலை வந்துவிட்டால் க்ளையண்டுகள் அனுப்பும் பிடிஎஃப், எக்செல், ஜிப் ஃபைல்கள் வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் கொட்டும். "வருமான வரி நோட்டீஸ்" என்று வரும் போலி மெயிலும் அதே குவியலில்தான் கிடக்கும். எதையும் திறந்து பார்க்காமல் ஒதுக்க முடியாது. விண்டோஸ் போல இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான க்யூப்ஸுக்கு மாறியது இதற்காகத்தான். சில வருஷமாக அன்றாட வேலை இதில்தான்.

க்யூப்ஸ், ஜென் ஹைப்பர்வைசர் (ஒரே மெஷினில் பல விஎம்களை ஓட்டும் மென்பொருள்) மேல் ஓடுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி விஎம், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டர். அதைத்தான் க்யூப் என்கிறார்கள். ஒன்றில் வைரஸ் புகுந்தாலும் மற்றவற்றுக்குத் தாவுவது மிகக் கடினம். ஜன்னல்களின் ஓரத்து நிறத்தை வைத்து எது எந்த க்யூப் என்று தெரியும். நான் வங்கிக்குப் பச்சை, கண்டதைத் திறக்கச் சிவப்பு வைத்திருக்கிறேன். க்ளையண்டுகளின் போர்ட்டல் பாஸ்வேர்டுகள் 'வால்ட்' க்யூபில். அதற்கு இன்டர்நெட்டே கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது டிஸ்போசபிள் க்யூப். சந்தேகமான ஃபைலை அதில் திறந்து பார்த்துவிட்டு மூடினால் அந்த விஎம் மொத்தமாக அழிந்துவிடும். பிடிஎஃப்பைப் பக்கம் பக்கமாகப் படமாக்கி, புதிய பிடிஎஃப்பாகக் கட்டித் தரும் வசதியும் உண்டு. ஆனால் அதில் எழுத்தைத் தேடவோ காப்பி செய்யவோ முடியாது. நூறு பக்க பேங்க் ஸ்டேட்மென்டுக்கு அது உதவாது. அதை டிஸ்போசபிளிலேயே படித்துவிடுவேன்.

க்யூபுக்கு க்யூப் காப்பி-பேஸ்ட் செய்யக் கூடுதலாக இரண்டு கீ அமுக்கம். முதலில் எரிச்சல்தான், அப்புறம் விரல் பழகிவிடும். தமிழ் ஃபாண்டை டெம்ப்ளேட்டில் (க்யூப்களுக்கு அடிப்படையான மூல விஎம்) ஒரு தடவை போட்டால் போதும், அதைச் சார்ந்த எல்லா க்யூபிலும் வந்துவிடும். நேரடியாக க்யூபுக்குள் இன்ஸ்டால் செய்தால் ரீஸ்டார்ட்டில் போய்விடும்.

சென்னையில் இதன் பெரிய எதிரி வெயில். விஎம்களுக்கு கிராஃபிக்ஸ் கார்டின் உதவி கிடைக்காததால் வீடியோவை சிபியூதான் இழுக்க வேண்டும். கத்திரி வெயிலில் ஒரு வீடியோ மீட்டிங் போட்டால் ஃபேன் சத்தத்தில் நாம் பேசுவதே கேட்காது. மீட்டிங்கைப் போனுக்கே மாற்றிவிட்டேன். பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

டிஜிட்டல் கையெழுத்துக்காக யூஎஸ்பியில் செருகும் சிக்னேச்சர் டோக்கன் இன்னொரு தலைவலி. லினக்ஸ் க்யூபுக்கு யூஎஸ்பியைக் கொடுக்கலாம்; விண்டோஸ் க்யூபுக்கு அதே வழி இல்லை. அதனால் கையெழுத்துக்கென்றே ஆபீஸில் ஒரு விண்டோஸ் மெஷினைத் தனியாக வைத்திருக்கிறோம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் வாங்கி முயல நினைத்தால், விடி-டி (சாதனங்களை விஎம் வாரியாகப் பிரித்து வைக்க உதவும் இன்டெல் வசதி) இருக்கிறதா, பயாஸில் அதை ஆன் செய்ய முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். 16 ஜிபி ராம் போதும் என்கிறார்கள். நான்கைந்து க்யூப் திறந்து வைப்பவராக இருந்தால் 32 போடுங்கள்.