அலியா, ஃபிரேசியரா?

குத்துச்சண்டைக்குப் புதிதாக வருகிறவர் முகமது அலியின் சண்டைகளை முதலில் பார்ப்பதா, ஜோ ஃபிரேசியரின் சண்டைகளையா? என் பதில் ஃபிரேசியர்.

அலியின் கதை எல்லோரும் அறிந்தது. 1960 ரோம் ஒலிம்பிக் தங்கம், 1967இல் ராணுவத்தில் சேர மறுத்ததால் பறிபோன பட்டம், மூன்று முறை உலக ஹெவிவெயிட் சாம்பியன். எட்ட நின்று ஜாப் (கையை நேராக நீட்டி விடும் வேகக் குத்து) குத்திவிட்டு நழுவிவிடுவார்.

ஃபிரேசியருக்கு அந்த உயரமோ கை நீளமோ கிடையாது. பிலடெல்பியாவில் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். 1964 டோக்கியோவில் இடது கட்டைவிரல் உடைந்த நிலையிலேயே இறுதிப் போட்டியில் மோதித் தங்கம் வென்றார். தலையை ஆட்டி ஆட்டி, குனிந்து உள்ளே புகுவார். அப்புறம் அந்த இடது ஹுக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து). 1971 மார்ச் 8, நியூயார்க், 15வது சுற்று: ஹுக் தாடையில் இறங்க, அலி மல்லாக்க விழுந்தார். உடனே எழுந்துவிட்டார், ஆனால் வெற்றி ஃபிரேசியருக்கு.

இருவரும் மீண்டும் மோதிய 1974இலும், 1975 மணிலாவிலும் வென்றது அலி. மணிலாவில் 14 சுற்று முடிந்ததும், கண் வீங்கிப் பார்வை மங்கிய ஃபிரேசியரைப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் 15வது சுற்றுக்கு எழவிடவில்லை. திறமையில் அலி ஒரு படி மேல், சரி. ஆனால் பட்டம் பறிபோய், சண்டையிடத் தடை இருந்த காலத்தில் தனக்கு உதவிய ஃபிரேசியரையே 'கொரில்லா' என்று அவர் கேலி செய்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.