கல்சுவரும் சேர்ந்து பாடிய கச்சேரி

பாரிஸில் ஒரு பழைய தேவாலயத்தில், பிரெஞ்சு பக்தி இசையோடு நாட்டுப்புறப் பாடல்களையும் சேர்த்து நடந்த மாலைக் கச்சேரிக்குப் போயிருந்தேன். பங்குக் கோயில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்குரல்களில் தாழ்ந்த குரல், பாடுகிறவள் நான். அதனால் என் காது முதலில் நடுக்குரல்களைத்தான் தேடும்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே 19 வயதில் எழுதிய ‘கான்டிக் து ஜான் ரசீன்’ முதலில் வந்தது. ஆண்களின் தாழ்ந்த குரலான பாஸ் தொடங்க, மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக மேலே சேர வேண்டிய பாடல். புதிதாகச் சேரும் குரல் முந்தையதை மூடிவிடாமல் பாடினார்கள். அடுத்தது பூலாங்க்கின் மன்றாட்டு மாலை. 1936இல் நண்பர் ஒருவர் விபத்தில் இறந்த சில நாட்களில், பிரான்சின் ரோக்கமதூர் திருத்தலத்தில் கருப்பு மாதாவைத் தரிசித்துவிட்டு அவர் எழுதியது. பெண்குரல்கள் மெல்ல மன்றாடிக்கொண்டிருக்கும்போதே ஆர்கன் திடுமென இடிக்கிறது. அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை என்று தோன்றியது.

மாலையின் உச்சம் துருஃப்ளேயின் ‘ஊபி காரித்தாஸ்’. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பாடுகிற பழைய கிரகோரிய மெட்டு, அதாவது திருச்சபையின் பழங்கால லத்தீன் வழிபாட்டு மெட்டு, இதன் அடிப்படை. இப்படிப்பட்ட மெட்டுகளை வைத்து அவர் எழுதி 1960இல் வெளியான நான்கு பாடல்களில் இது ஒன்று. வாத்தியமே கிடையாது. உச்சக்குரல் பாடும் சொப்ரானோக்கள் காத்திருக்க, மெட்டு ஆல்ட்டோக்களிடம்தான் தொடங்குகிறது. வரி முடிந்த பிறகும் கல்கூரையில் அதன் நாதம் தங்கியிருந்தது. நடத்துநர் அவசரப்படவே இல்லை. அது அடங்கும்வரை நின்று, அப்புறம்தான் அடுத்த வரிக்குக் கை தூக்கினார். அந்தப் பொறுமைக்காகவே டிக்கெட் காசு தகும்.

பிற்பாதியில் இசையமைப்பாளர் கான்டெலூப் தொகுத்த, நடு பிரான்சின் ஓவர்ன் வட்டார நாட்டுப்புறப் பாடல்கள். ‘பைலேரோ’வில் ஆட்டிடையர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரைக் கூப்பிடுகிறார். ஒரு சொப்ரானோ, ஓபோ என்ற ஊதுகுழல் ஒன்று, பியானோ அவ்வளவுதான். அந்தக் கூப்பாட்டுக்கு எதிரொலி வேண்டும், கட்டடம் அதைத் தாராளமாகக் கொடுத்தது. ஆனால் அதே எதிரொலி பூரே நடனப் பாடல்களைக் கெடுத்துவிட்டது. மூன்றடித் தாளத்தில் கால் தரையில் விழுவது தெரிய வேண்டாமா? வேகத்தில் எல்லாம் குழம்பி, சொற்கள் கரைந்துபோயின. இவற்றைக் குறைந்த குரல்களோடு கொஞ்சம் நிதானமாகப் பாடியிருக்கலாம். ஓவர்ன் வட்டாரத்து ஒக்சிதான் மொழி பாரிஸ்காரர்களுக்கே புரியாது, நிகழ்ச்சித் தாளிலாவது பாடல் வரிகளை அச்சடித்திருக்க வேண்டும்.

இதே குழு மறுபடி பாடினால் கண்டிப்பாகப் போவேன். இருக்கை எண் கிடையாது, அதனால் சீக்கிரம் போய்விடுங்கள். தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் முன்பக்கம் நடுவில் உட்கார்ந்தால் சொற்கள் ஓரளவு தெளிவாகக் கேட்கும். ஒரு சால்வையும் எடுத்துப் போங்கள், உள்ளே நன்றாகவே குளிர்கிறது.