ரீசார்ஜபிள் பென்சில் பேட்டரி: எதில் போடலாம், எதில் வேண்டாம்

வீட்டில் பென்சில் பேட்டரி போடுகிற சாமான் எல்லாவற்றிலும் ரீசார்ஜபிள் செல்லைப் போட்டுப் பார்த்தாயிற்று. வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு அது நிலைத்திருப்பது பையனின் ரிமோட் கார், கேமரா ஃபிளாஷ், வயர்லெஸ் மவுஸ் மூன்றில்தான்.

காரில் வித்தியாசம் கண்கூடு. ஒருமுறை தீர்ந்தால் தூக்கிப் போடும் அல்கலைன் செல் போட்டால் முதலில் சீறிப் பாயும். போகப் போகத் தளர்ந்து, மிதியடி விளிம்பில்கூட ஏற முடியாமல் நிற்கும். ரீசார்ஜபிள் என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. அதில் 1.2 வோல்ட்தான், ஆனால் கிட்டத்தட்ட தீரும்வரை அதே அளவில் நிற்கும். அல்கலைன் 1.5-இல் தொடங்கினாலும் மோட்டார் இழுக்கிற இழுப்பில் சீக்கிரமே 1.2-க்கும் கீழே போய்விடுகிறது.

அந்த 1.2 தொல்லை தருவது பிபி பார்க்கும் மெஷினில். அப்போதுதான் சார்ஜ் செய்த நாலு செல்லைப் போட்டாலும் பேட்டரி படம் பாதிதான் காட்டும். கைப்பட்டையில் காற்று ஏறும்போது படம் மின்ன ஆரம்பித்தால், "செல்லு மாத்தணும்பா" என்று அம்மா குரல் கொடுப்பார். அதற்கு அல்கலைனே சரி.

சுவர்க்கடிகாரத்துக்கு ரீசார்ஜபிள் வீண்செலவு. பத்து இருபது ரூபாய் செல்லில் ஒரு வருடம் ஓடுவதற்கு எதற்கு இது? டிவி ரிமோட்டும் அப்படித்தான். மட்டமான செல் கசிந்து ஸ்பிரிங்கை அரிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது, செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று சொல்லும் எம்.ஏ.ஹெச் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பென்சில் சைஸில் 3000-க்கு மேல் எழுதியிருந்தால் நான் தொடமாட்டேன். பழைய வகை ரீசார்ஜபிள் செல்களைச் சார்ஜ் செய்து டிராயரில் வைத்தால் சில வாரங்களிலேயே பாதி இறங்கியிருக்கும். 2005-இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் வகை அப்படி இல்லை, மாதக்கணக்கில் தாங்கும். இப்போது அது பானாசோனிக் பெயரில் வருகிறது. 2000 அளவுள்ள இந்த வகையே வீட்டுக்குப் போதும்.

செல்லைவிட சார்ஜருக்குச் செலவு செய்யுங்கள். செல்லோடு சேர்த்துத் தரும் மலிவு சார்ஜர் பல, இரண்டிரண்டாகத்தான் ஏற்றும். ஒன்று நிரம்பி இன்னொன்று காலியாக இருந்தாலும் அதற்குத் தெரியாது. நிரம்பிய செல் கையில் பிடிக்க முடியாத அளவு சுடும். ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி விளக்கு உள்ளதாக, நிரம்பியதும் தானே நிறுத்துவதாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்றாக வாங்கிய செல்களில் மார்க்கரால் ஒரே குறி போட்டு, எப்போதும் ஒன்றாகவே மாற்றுங்கள். பழசும் புதுசும் கலந்தால் முதலில் தீருகிற செல்தான் கெட்டுப்போகும்.